கயாவில் விட்ட பனீர்

பால் திரிந்தால் எங்கள் வீட்டில் அதை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டோம். அம்மா இருந்தவரை, அடுப்பில் பால் திரிந்துவிட்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்திரத்தோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அந்தப் பாத்திரத்தைப் புளி போட்டு மூன்று தரம் தேய்ப்பாள். அன்றைக்கு நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டாள். நாங்கள் நெசவுக்காரர்கள், சேலைக்கான புதுப் பாவு நூல் வந்திருந்தாலும் அன்றைக்குத் தறியில் ஏற்ற விடமாட்டாள். அப்படி வளர்ந்தவனிடம், நல்ல பாலை எடுத்து, வேண்டுமென்றே எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் கட்டிப் பிழிந்து, துண்டு போட்டுத் தினமும் தின்னச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் குமட்டியது. இதை எழுதும்போதும் நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது. ஆசையால் ஊறுகிற எச்சில் இல்லை அது.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. சர்க்கரை பாதி, பிரஷர் பாதி, நான் மாத்திரையை ஏமாற்றியது மீதி என்று டாக்டர் சொன்னார். கணக்கு உதைத்தாலும் விஷயம் சரிதான். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். என் மனைவி தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாக யாரும் கேட்காமலே சொல்லிவிட்டாள். ரத்த வகை பொருந்தியது, அவளுக்கு எடுத்த பரிசோதனை எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் நின்றது என் உடம்புதான். ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு சத்து இருக்கிறதாம், எனக்கு அது மிகவும் குறைவாம். அது ஏறாமல் கத்தி வைத்தால் புண் ஆறாது, வைத்த சிறுநீரகமும் நிலைக்காது என்றார் டாக்டர். ஆக, நான் ஒழுங்காகத் தின்றால் ஆபரேஷன், தின்னாவிட்டால் இல்லை.

தின்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். டயாலிசிஸ் செய்யும்போது அழுக்கோடு புரோட்டீனும் கொஞ்சம் வெளியேறிவிடும், அதனால் புரோட்டீன் நிறைய வேண்டும். ஆனால் புரோட்டீன் இருக்கிற எதையும் சாப்பிடக் கூடாது. பருப்பு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது, பொட்டாசியம். வேர்க்கடலை கூடாது, பாஸ்பரஸ். சுண்டலும் அதே. பால் கால் லிட்டருக்கு மேல் கூடாது, காப்பி கூடவே கூடாது, உடம்பில் தண்ணீர் சேரும். காயைக்கூட நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, சாரமெல்லாம் இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கிற சக்கையைத்தான் சமைக்க வேண்டும். உப்பில்லாத சக்கை. ஆஸ்பத்திரியில் உணவுப் பட்டியல் எழுதித் தருகிற பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். அவள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கடைசியில் நிமிர்ந்து, முட்டை வெள்ளைக்கரு தினம் நாலு சாப்பிடுங்கள், வேலை முடிந்தது என்றாள். நாங்கள் சைவம் என்றேன். முட்டை சைவம்தானே சார் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மிஷின் இல்லாமலே ரத்தம் சுத்தமாகியிருக்கும்.

டயாலிசிஸ் அறையில் பத்துக் கட்டில். ஏசிக்காக ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். காலை பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு கட்டிலிலும் டிபன் பாக்ஸ் திறக்கும். அத்தனையிலும் அவித்த முட்டை. அந்தக் கவுச்சி ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்து என் மூக்கிலேயே இறங்கும். பக்கத்துக் கட்டிலில் திருமுக்கூடல் பக்கத்து விவசாயி ஒருவர். முட்டையைப் பிளந்து, மஞ்சள் கருவைக் கட்டைவிரலால் நோண்டி எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போடுவார், வீட்டு நாய்க்கு. வெள்ளையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினால் மருந்து, கண்ணைத் திறந்து பார்த்தால்தான் முட்டை என்பது அவர் சித்தாந்தம். ஒருநாள் அவர் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வில்லையை வாயில் போட்டேன். வழவழவென்று அது நாக்கில் உட்கார்ந்ததும் வயிறு திரண்டு எழுந்தது. கையில் ஊசி குத்தியிருந்ததால் எழுந்து ஓடவும் முடியவில்லை. போர்வை மேலேயே கொட்டிவிட்டேன். நர்ஸ் வந்து போர்வையை மாற்றினாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்தது டப்பாவில் வருகிற புரோட்டீன் மாவு. வெனிலா வாசனை என்று மேலே எழுதியிருக்கும். எங்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவோம். அந்தக் கஞ்சி மிஞ்சி ஒரு நாள் கிடந்தால் ஒரு புளிச்ச வாடை வரும். அதில் குழந்தைப் பவுடரைக் கொட்டிக் கலக்கின மாதிரி இருந்தது அந்த மாவு. எவ்வளவு ஆற்றினாலும் கட்டி கட்டியாக மிதக்கும். நாலு நாள் குடித்தேன். ஐந்தாம் நாளிலிருந்து பின்கட்டுக்குப் போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். சாக்கடை ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். டப்பாவை எடுத்து மேலே பரணில் வைத்துவிட்டு, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வேறு ஏதாவது, மீல் மேக்கர். சொந்தக்காரர் ஒருவர் போனில் வீடியோ அனுப்பியிருந்தார், அச்சு அசல் கறி மாதிரியே இருக்கும் என்று. தலைமுறை தலைமுறையாகக் கறியைத் தொடாதவனுக்குக் கறி மாதிரி இருக்கும் என்று ஆசை காட்டுகிற அறிவை என்னவென்று சொல்வது? ஊறப் போட்டால் தரை துடைக்கிற துணி மாதிரி உப்பிக்கொண்டது. பிழியப் பிழிய நுரைத் தண்ணீர். ஒன்றைக் கடித்தேன், பல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். வாயைக் கட்டினால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டின வாயைத் திற, இதைப் போடு என்று சொல்வதுதான் பெரிய கொடுமை.

மூன்றும் தோற்றபிறகு உணவுப் பட்டியல் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, அப்படியானால் பனீர்தான், கடையில் வேண்டாம், வீட்டிலேயே கொழுப்பு நீக்கின பாலில் உப்பில்லாமல் செய்து தினம் நூறு கிராம் சாப்பிடுங்கள், பாஸ்பரஸுக்கு மாத்திரை தருகிறோம் என்றாள். என் மனைவியின் முகம் மலர்ந்தது. நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னேன், பனீரை நான் தொட முடியாதும்மா, அம்மாவுக்காகக் கயாவில் விட்டுவிட்டேன் என்று.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அம்மா போன மறுவருஷம் நானும் அக்காவும் என் மனைவியும் காசிக்கும் கயாவுக்கும் போனோம். கயாவில் பிண்டம் போட்டு முடித்ததும் ஆலமரத்தடியில் உட்காரவைத்து, பெற்றவளுக்காக உனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சாகும்வரை விட்டுவிடு என்பார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். அக்காவுக்கு மாம்பழம் என்றால் உயிர். சீசனில் கொட்டையை வெள்ளையாகும்வரை சப்புகிறவள். கொஞ்சமும் யோசிக்காமல் மாம்பழம் என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். அடுத்தது என் முறை. எனக்குப் பிடித்தது கத்திரிக்காய். எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாமல் மிச்ச ஆயுளை ஓட்டுவதை நினைத்துப் பார்த்தேன். முந்தின நாள் சத்திரத்தில் பனீர் மசாலா என்று ஒன்று போட்டு, அதை நான் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கியிருந்தேன். அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பனீர் என்றேன்.

பிண்டம் போடவைத்த அந்த ஊர்ப் பண்டாவுக்கு முகமே மாறிவிட்டது. அவர்கள் ஊரில் அது பெரிய விருந்துப் பண்டம் இல்லையா? பனீரையா விடுகிறாய் என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார், அவர்களும் என்னைத் தியாகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நின்றிருந்தாள். ரயிலில் வரும்போது என் சாமர்த்தியத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கத்திரிக்காய் சாப்பிட்டேன்.

இப்போது அந்தச் சாமர்த்தியம் எனக்கு இரண்டாம் தரமும் கைகொடுத்தது. திருப்புட்குழியில் இருக்கும் அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டாள். முட்டைக்கு அவள் தடை சொல்லவில்லை. மருந்து என்று சாப்பிட்டுவிட்டுக் கோயிலில் ஒரு அபிஷேகம் செய்தால் போயிற்று என்றாள். பனீர் என்றதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கயாவுல உட்டதத் தொட்டா அம்மாவுக்குப் போன சோறு திரும்பிக்கினு வந்துடும்டா. அவ பசியோட நிப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டு, நான் என்ன செய்யட்டும் அக்கா, என் தலையெழுத்து என்றேன். உள்ளுக்குள் நிம்மதி. என் அருவருப்புக்கு நான் பக்திச் சட்டை போட்டுவிட்டேன். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம் என் அம்மா பக்தியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். உயிர் போகிற நிலையிலும் வாக்கு மாறாதவன் என்றார் ஒருவர். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் எனக்கு நேராக உட்கார்ந்து, வடித்த சக்கைக்கு நடுவில் எதைக் கொடுத்து என்னைத் தேற்றலாம் என்று தவித்துக்கொண்டிருந்தவள், தன் உடம்பை அறுத்துத் தரக் காத்திருந்த என் மனைவி.

ஆறு வாரம் ஓடியது. கால் இரண்டும் வீங்கித் தறிக்குழியில் மிதிக்க முடியாமல் போனது. கன்னம் ஒட்டிவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்குப் போனபோது என் மனைவி பெட்டியே கட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் துணி, இரண்டு பேருக்கும் தட்டு, டம்ளர். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ஆல்புமின் ஏறவில்லை, முன்பைவிட இறங்கியிருக்கிறது, இரண்டு மாதம் தள்ளிவைக்கிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிடலாம் என்றார்.  கட்டின பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி காஞ்சிபுரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு நாலு நாள் கழித்துக் காலையில் எழுந்தபோது வீட்டில் என்னவோ குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. என் மனைவிக்கு உலகத்தில் ஆசை என்று ஒன்று உண்டென்றால் அது காலைக் காப்பி. பக்கத்து ஊரான தாமலிலிருந்து வரும் பாலை முதல் கொதியில் இறக்கி, திக்காகக் கலந்து, பித்தளை டம்ளரில் ஊற்றி, அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் குடிப்பாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். எனக்குக் காப்பியைத் தடுத்தபிறகு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த வாசனையைப் பிடிப்பதுதான் என் காலை உணவு. அன்றைக்கு அந்த வாசனை இல்லை. கேட்டதற்கு நெஞ்சு எரிச்சல் என்றாள். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் அக்கா வந்தாள், கையில் பிளாஸ்டிக் உறையில் அடைத்த ஒரு வெள்ளைக் கட்டியோடு.

கடைப் பனீர். இதைத் தொட்டால் அம்மா பசியோடு நிற்பாள் என்று வாயைப் பொத்திக்கொண்ட அதே அக்கா.

நடந்ததை அவள்தான் சொன்னாள். என் மனைவி கோயிலுக்குப் போய் வயதான குருக்களிடம் கேட்டிருக்கிறாள், கயாவில் விட்டதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று. எடுக்க முடியாது, ஆனால் அந்த வீட்டைச் சேர்ந்தவர் யாராவது தனக்கு ரொம்பப் பிடித்ததை அதற்குப் பதில் விட்டால் நேர்ச்சை அவர் மேல் மாறிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். சாஸ்திரத்தில் இருக்கிறதோ, அந்தப் பெரியவர் இரக்கப்பட்டுச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. இவள் அங்கேயே குளத்தில் இறங்கி, மூன்று முழுக்குப் போட்டு, காப்பியை விட்டுவிட்டு ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அப்போது டயாலிசிஸில் முட்டை வாடையைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இனிமேல் தோஷமில்லை, தாராளமாகத் தின்னு என்று அக்கா அந்தக் கட்டியை என் கையில் வைத்தாள். ஜில்லென்று, கொழகொழவென்று இருந்தது. முட்டையும் மாவும் மீல் மேக்கரும் சேர்ந்தும் வரவழைக்காத குமட்டல் அப்போது வந்தது. அது பனீர்மேல் வந்தது இல்லை.

எங்கள் தறியில் கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். இருபத்தைந்து வருஷமாக எனக்கு அந்த ஆள் என் மனைவிதான். தறியில் இரண்டு பேரும் சேலையைத்தான் பார்ப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அன்று கால் வீக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மெதுவாகத் தறியில் உட்கார்ந்து, பத்து இழை ஓட்டியபிறகு, சேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கயாவுல நான் பொய்தான் சொன்னேன். எனக்கு அது ஆவவே ஆவாது. உடறதுக்கு சுலபமா இருக்கும்னு சொல்லிட்டேன். இப்ப தின்னாம இருக்கறதுக்கும் அதயே சாக்கா வச்சிக்கினேன்."

அவள் நாடாவைத் தள்ளினாள். என் பக்கம் வந்ததை நான் பிடிக்காமல் விட்டதால் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அதை எடுத்துச் சரியாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தெரியும். அன்னிக்கி உங்க பின்னாலதான நின்னுக்கினு இருந்தேன். முந்தின நாளு சத்திரத்துல உங்க இலைய எடுத்துப் போட்டதும் நான்தான்."

தெரிந்துமா காப்பியை விட்டாய் என்று கேட்டேன். 

"அக்கா அவங்க பேருல மாம்பழம் உட்டாங்க. உங்க பேருல அத்தைக்கு ஒண்ணுமே போவலியே. புடிச்சதா ஒண்ணு போவணும் இல்ல," என்றாள். பிறகு, இழை அறுந்திருக்கிறது, பார்த்து ஓட்டுங்கள் என்றாள்.

அன்று மத்தியானம் அவள் பாலைத் திரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திரித்தாள். அவளும் என் அம்மாவோடு அந்த வீட்டில் வாழ்ந்தவள்தானே. வேட்டித் துணியில் கட்டி, அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்து அழுத்தினாள். உப்பில்லாமல், லேசாக மிளகுத்தூள் மட்டும் போட்டுத் தட்டில் வைத்தாள். வாயில் போட்டேன். ஈரச் செருப்பு தரையில் உராய்கிற மாதிரி பல்லுக்கு நடுவே கிறீச்சென்றது. சகிக்கவில்லை. முழுங்கினேன். நூறு கிராமையும் முழுங்கினேன். பிடிக்காததைத் தின்றுவிட்டேன் என்று பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவி வைத்தேன். தினமும் அப்படியே. பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஒரு நாளும் பழகவில்லை.

ஆல்புமின் ஏறியது. ஆபரேஷன் நடந்தது. அவளுடைய சிறுநீரகம் என் வயிற்றின் வலது பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. என் பேச்சைக் கேட்காமல், அவளைப் போலவே. மூன்று மாதம் கழித்து டாக்டர் பட்டியலைக் கிழித்துப் போட்டார். பருப்பு சாப்பிடலாம், கீரை சாப்பிடலாம், காலையில் ஒரு காப்பி குடிக்கலாம்.

மறுநாள் நானே எழுந்து பால் காய்ச்சினேன். முதல் கொதியில் இறக்கி, திக்காகக் கலந்து, பித்தளை டம்ளரில் ஊற்றி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். பொய்யாக விட்டவன் நான், அதற்கு நீ ஏன் மெய்யாகக் கட்டுப்பட வேண்டும், குடி என்று கெஞ்சினேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். முகத்துக்கு அருகில் வைத்துக் கண்ணை மூடி ஒரு தரம் மூச்சை இழுத்தாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"குடிங்க, ஆறிடும்," என்றாள்.

இப்போது தினமும் காலையில் நான் குடிக்கிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடிக்கிறாள். பனீரை முழுங்கியதைப் போலவேதான் அந்தக் காப்பியையும் முழுங்குகிறேன்.